ஐந்தாம் நம்பர் பெட்டி

முதல் பக்கத்தைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, இது சிவசங்கர் சார் அனுப்பிய கட்டுரை. மாநாட்டு விதிப்படி, எழுதியவரின் பெயரை மறைத்துத்தான் எங்களைப் போன்ற மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புவார்கள். மதிப்பெண் போடுவது யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. இருக்கட்டும். நான் பெற்ற பிள்ளைக்கு வேறு சட்டை மாட்டிவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாதா?

ஆறு வருடத்துக்கு முன் நான் அவரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். காந்தி மார்க்கெட்டில் எந்த நேரத்தில் இன்டர்நெட் வேகம் குறைகிறது, ஏன் குறைகிறது என்பது என் ஆராய்ச்சி. ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய், எட்டுக் கம்பங்களில் வேகத்தை அளக்கும் எட்டுச் சின்னப் பெட்டிகளை நானே ஏணி போட்டு ஏறிக் கட்டினேன். எட்டு மாதம் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கிடந்தேன். சார் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஷூவில் சேறு பட்டுவிடுமாம்.

மழை தொடங்கியதும் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு லேபில் எழுத உட்கார்ந்தேன். பெட்டிகளிலிருந்து அளவுகள் தாமாக வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் எழுதி அவர் கையில் கொடுத்த அடுத்த மாதமே, “உன் வேலையில தரம் இல்லை வேணி, வேற கைடு பார்த்துக்க” என்றார். மூன்று வருட உழைப்பு மண்ணாய்ப் போயிற்று. வேறு ஊரில், வேறு தலைப்பில், முதலிலிருந்து தொடங்கிப் பட்டம் வாங்கினேன். அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டமளிப்பு அங்கியில் என்னைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசைப்பட்டது. இதை நான் மன்னிப்பதாக இல்லை.

இப்போது என் மேஜையில் இருக்கும் கட்டுரையின் பெரிய கண்டுபிடிப்பு இது: ஆயுத பூஜைக்குப் பிறகு ஐந்தாம் பெட்டியில் வேகம் திடீரென்று பாதியாகக் குறைந்தது, கடைசி வரை ஏறவே இல்லை. பண்டிகை முடிந்தும் ஜனங்கள் போனைக் கீழே வைக்கவில்லை என்று பக்கம் பக்கமாக விளக்கம். அதுவும் நான் எழுதியதுதான். நான் எழுதிய தப்பான விளக்கம்.

உண்மை எனக்கே பிறகுதான் தெரிந்தது. சார் என்னைத் துரத்தியபின் பெட்டிகளைக் கழற்றப் போனேன். ஐந்தாவது பெட்டி தங்க நிற ஜிகினாத் தாளில் பளபளத்தது. மேலே சந்தனம், குங்குமம்.

“கொக்கி, தராசு, தள்ளுவண்டி எல்லாத்துக்கும் பூசை போட்டோம்மா. உங்க பொட்டியும் உழைக்கிற சாமான்தானே, அதை மட்டும் எப்படி விடுறது?” என்றார் மூட்டை தூக்கும் பிச்சமுத்து. அவரே கடையில் வாங்கிச் சுற்றினாராம்.

உலோகம் பூசிய தாளைச் சுற்றினால் சிக்னல் எப்படி முழுசாக உள்ளே போகும்? அழுகையும் சிரிப்புமாக அவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். சாரிடம் சொல்லவில்லை. அவர்தான் என்னை வேண்டாம் என்றுவிட்டாரே.

திருட்டு என்று புகார் கொடுக்கலாம். குழு போடுவார்கள், டீ குடிப்பார்கள், கலைவார்கள். முறைப்படி பார்த்தால், இந்தக் கட்டுரை எனக்குத் தெரிந்தது என்று சொல்லி நான் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்கவில்லை. ஐந்துக்கு ஐந்து போட்டேன். “பத்து வருடத்தில் இப்படி ஒன்றைப் படித்ததில்லை” என்றும் எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

மாநாடு புத்தூர் பக்கம் ஒரு ஹாலில் நடந்தது. டீ குடிக்கும் இடத்தில் சார் என்னைப் பார்த்துவிட்டார்.

“என்னம்மா வேணி, நல்லா இருக்கியா? பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத. என் பேப்பருக்கு ஒரு ரிவ்யூவர் எழுதியிருக்கான், பத்து வருஷத்துல இப்படி ஒண்ணு படிச்சதில்லைன்னு. தரம்னா அது.”

“வாழ்த்துகள் சார்” என்றேன்.

ஆனால் மேடை ஏறியது அவர் இல்லை. யமுனா என்ற அவருடைய மாணவி. சார் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மைக்கைப் பிடித்து, தாளைப் பார்த்தே வாசித்தாள். நான் குறி வைத்தது இவளுக்கு இல்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. திரையில் ஆசிரியர் பெயர்கள் வந்தன. முதலில் சார், அடுத்து அவருடைய மகன். யமுனாவின் பெயர் எங்குமே இல்லை. கேள்வி நேரம் வந்ததும் எழுந்து நின்றேன்.

“கேள்வி யமுனாவுக்கு இல்லைங்க. முதல் பேரு போட்டிருக்கிற சாருக்கு. அஞ்சாம் பெட்டியை எந்தக் கம்பத்துல கட்டினீங்க சார்? ஆயுத பூஜைக்கு அப்புறம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்தீங்களா?”

சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் மார்க்கெட்டுல நின்னு செய்யுற வேலை. யமுனா, நீ சொல்லும்மா.”

யமுனா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அந்தப் பெட்டியை நான் பார்த்ததே இல்ல சார். நீங்க எங்கிட்ட குடுத்தது எக்செல் ஃபைல் மட்டும்தான்.”

அமர்வுத் தலைவரிடம் அனுமதி கேட்டு என் போனிலிருந்த இரண்டு படங்களைத் திரையில் போட்டேன். முதல் படத்தில் ஜிகினா சுற்றிய பெட்டி, பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் பிச்சமுத்து. அடுத்த படத்தில் தாளை உரித்த பெட்டி. மூடியில் என் கையெழுத்தில் “வேணி, எண் 5, தொடாதீர்கள்”. கீழே தேதி. பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் ஹாலே சிரித்தது. கட்டுரையை நிறுத்தி வைத்து விசாரிப்பதாகத் தலைவர் அறிவித்தார். ஆறு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

வெளியே வராந்தாவில் சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

“அந்த ரிவ்யூவர் மட்டும் ஒழுங்கா ரிஜெக்ட் பண்ணியிருந்தா எனக்கு இந்த அசிங்கம் உண்டாய்யா? அஞ்சுக்கு அஞ்சு போட்டு மேடை ஏத்தி விட்டிருக்கான். யாருன்னு தெரிஞ்சா சும்மா விடமாட்டேன்.”

அவர் போனை வைக்கும்வரை காத்திருந்தேன்.

“நான்தான் சார் அது” என்றேன்.