செம்பியனின் பாதி

மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போதே பிரிசில்லா போனில் கத்திவிட்டாள். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத. சும்மா குந்து, போதும்." சொல்லி என்ன பிரயோசனம்! செம்பியனின் கை சும்மா இருக்கிற கையா? வேலை என்றால் பின்னால் போகும், வம்பு என்றால் முன்னால் நீளும்.

மறுநாள் சிதம்பரத்தில், இருவரும் படித்துவந்த கல்லூரியில், பி.எஸ்சி. கடைசி வருட ப்ராஜெக்ட் வைவா. இரண்டு பேருக்கும் ஒரே ப்ராஜெக்ட். பண்ருட்டி முந்திரி மண்டிக்கு ஒரு சாஃப்ட்வேர்: சரக்கு வரவு ஒரு பகுதி, லாரியில் ஏற்றி அனுப்புவது இன்னொரு பகுதி. இரண்டையும் எழுதியவள் பிரிசில்லா. கம்ப்யூட்டர் மட்டும் செம்பியனுடையது. அவள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, கடலூர் புதுப்பாளையத்தில் அவன் வீட்டுக்கு ஒரு வருடமாக நடையாய் நடந்து அந்தச் சோம்பேறியைச் சகித்திருந்தாள். புதுச்சேரியில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. இந்தத் தடவையே பாஸானால்தான் அந்த வேலை.

சர்வர், டேட்டாபேஸ், பி.எச்.பி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொடுக்கும் பேக்கேஜில்தான் அவர்கள் ப்ராஜெக்ட் ஓடியது. காலையில் சர்வர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் செய்தவன், அவள் வருவதற்குள் வைத்தியத்தையும் முடித்திருந்தான்.

"பழச எடுத்துட்டுப் புதுசா போட்டுட்டேன்," என்றான், என்னவோ பெரிதாகச் சாதித்துவிட்டவன் கணக்காக.

"அன்இன்ஸ்டால் பண்ணியா? பண்றப்ப எதனா கேட்டுச்சா?"

"என்னமோ ஃபோல்டரையும் அழிக்கவான்னு கேட்டுச்சு. யெஸ் குடுத்தேன். கேக்கறதுக்கெல்லாம் யெஸ்தான குடுப்பாங்க?"

அடப்பாவி! அந்த ஃபோல்டரில்தான் எல்லாமே இருந்தது. பிரிசில்லா சிடியில் எழுதிவைத்த காப்பியில் சரக்கு வரவு மட்டும் இருந்தது. லாரி பகுதி அதற்கப்புறம் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. ஒரே நாளில் அதைத் திரும்ப எழுத யாராலும் முடியாது.

இதில் இன்னொரு கூத்து. புதிதாகப் போட்ட பேக்கேஜிலும் சர்வர் ஸ்டார்ட் ஆகவில்லை. அவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். துபாயில் இருக்கிற மாமாவோடு முகம் பார்த்துப் பேச அவன் முந்தின நாள் போட்ட சாட் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் தகவல் அனுப்பி வாங்கும் வாசலான போர்ட்டை அது பிடித்துவைத்திருந்தது. அதை மூடிவிட்டு ஸ்டார்ட்டை அழுத்தினாள். சர்வர் ஓட ஆரம்பித்தது.

"இத மூடியிருந்தா போதும். அறிவிருக்கா உனக்கு?"

"நீ இன்னா பெரிய இவளா? எங்க வூட்டு கம்ப்யூட்டர், நான் தொடக்கூடாதா?"

சத்தம் கேட்டு அவன் அம்மா தில்லையம்மாள் சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "ஏம்மா, எம் புள்ளைய ஏன் இந்தக் கத்து கத்தற? அவனுந்தான் ராப்பகலா கண்ணு முழிக்கிறான்."

"எதுக்கு முழிக்கிறான்னு அவனையே கேளுங்கம்மா," என்று பிரிசில்லா பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். பஸ்ஸில் அழுகை வந்தது. அவனுக்காக அழுவதா என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் கல்லூரி லேபில், சிடியில் இருந்ததைப் போட்டுவைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். செம்பியன் இஸ்திரி போட்ட சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டான். வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், யார் எதைச் செய்தது என்று கேட்டார்.

"ஆளுக்குப் பாதி சார்," என்றான் செம்பியன், கூசாமல்.

பிரிசில்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "ஆமா சார். சரக்கு வரவு நான் எழுதுனேன். லாரி பகுதி செம்பியன் எழுதுனது."

"அப்ப லாரி பகுதியக் காட்டுப்பா."

செம்பியன் திரும்பி அவளை முறைத்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் மவுஸை அங்கும் இங்கும் இழுத்தான்.

"இருந்துச்சு சார். இப்பக் காணல."

"பரவால்ல. எந்தெந்த டேபிள் வச்சு எழுதுன? அத வாயாலயாவது சொல்லு."

அவனுக்கு வியர்த்துவிட்டது. "சார், இவ பொய் சொல்றா சார்! அத நான் எழுதவே இல்ல, இவதான் எழுதுனா. நான் அன்இன்ஸ்டால் மட்டுந்தான் பண்ணேன்!"

"அப்ப சரக்கு வரவு?"

"அதுவும் இவதான் சார்."

லேபில் இருந்த மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தேர்வாளர் பேனாவை மூடினார். "நீ எந்திரிப்பா. ஏம்மா, நீ வந்து அந்த லாரி ஸ்கிரீன் ஒண்ணாவது இப்ப எழுதிக் காட்டு."

செம்பியன் எழுந்தான். அவன் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் பிரிசில்லா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் பாவம் என்று அவளுக்குத் துளிகூடத் தோன்றவில்லை.