திரையில் இருப்பது

ஜீவகனுக்கும் அனந்திக்கும் பேச்சு நின்று பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மற்ற வீடுகளில் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் காலம் தள்ளிவிடலாம். இவர்கள் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்தாக வேண்டும். அதனால் தினமும் ஒரே நேரத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வாயை மெல்லுவதற்கு மட்டும் பயன்படுத்தினார்கள்.

ஜீவகனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பொழுது சாய்வதை இத்தனை வருஷமும் அனந்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டான். சண்டைக்குப் பிறகு அதையும் போனிடம் கேட்க ஆரம்பித்தான். "இன்று செஞ்சியில் சூரியன் மறையும் நேரம்" என்று போன் ஆரம்பிக்கும்போதே அடுப்படியில் ஏதாவது ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகக் கீழே வைக்கப்படும்.

சண்டைக்குக் காரணம் ஒரு அழைப்புப் பத்திரிகை. ஜீவகன் வரலாற்று ஆசிரியர். அவன் வேலை பார்க்கும் பள்ளியின் ஆண்டு விழாப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. படத்தைப் பார்த்துச் சொல்லும் செயலி போனில் இருந்தது. அது, "குத்துவிளக்குடன் ஒரு வண்ண அட்டை" என்றதோடு கடமையை முடித்துக்கொண்டது. அனந்தியைப் படிக்கச் சொன்னான். அவளும் வரவேற்புரையிலிருந்து நன்றியுரை வரை படித்தாள். நடுவில் கொஞ்சம் நிறுத்தி, "சிறப்புரை, திரு. ஜீவகன்" என்றும் படித்தாள். அப்படி ஒரு வரி அந்தப் பத்திரிகையில் இல்லவே இல்லை.

கண் தெரியாதவர்கள் யார் கையையும் பிடிக்காமல் செஞ்சிக் கோட்டையை ஏறி இறங்க ஒரு கையேடு எழுதிக்கொண்டிருந்தான் ஜீவகன். எந்தப் படி பெயர்ந்து கிடக்கிறது, எந்தத் திருப்பத்தில் காற்று முகத்தில் அடிக்கும், களஞ்சியத்துக்குள் கை தட்டினால் சத்தம் எப்படித் திரும்பி வரும் என்று கோட்டையின் ராஜகிரி மலையை வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏறி ஏறி எழுதியது. விழாவில் அதைப் பற்றிப் பேசச் சொல்வதாக விழாக் குழு ராஜாங்கம் வாய் நிறையச் சொல்லியிருந்தார். அச்சடிக்கும்போது மறந்துபோனார். படத்தை முதலில் பார்த்த அனந்தி, ஜீவகன் படிக்கச் சொல்வதற்கு முன்பே அவருக்குப் போன் போட்டுக் கேட்டாள். "சேத்துடலாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, புருஷன் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், சேர்க்கப் போகும் வரியை அவள் முன்கூட்டியே படித்துவிட்டாள்.

ஜீவகன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தான். யாரும் அவனைப் பேசக் கூப்பிடாமலே நாட்டுப்பண் பாடினார்கள். நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான், அப்படி ஒரு வரியே பத்திரிகையில் இல்லை என்று அவனுக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "இனிமே நீ எனக்கு எதையும் படிக்க வேணாம்."

லேப்டாப் படுத்துக்கொண்டதும் இந்த நேரம் பார்த்துத்தான். கடைக்கார வளவன், "புது விண்டோஸ் போட்டா ஸ்பீடு பிச்சிக்கும் சார்" என்று எடுத்துப் போய்ப் போட்டுக் கொடுத்தான். வயதான லேப்டாப் அதைத் தாங்கவில்லை. ஜீவகனுக்குத் திரையைப் படித்துக் காட்டும் குரல் எழுத்துக்கு எழுத்து திக்கி, கடைசியில் நின்றே போயிற்று. "டி டிரைவத் தொடவே இல்ல சார்" என்று வளவன் சத்தியம் பண்ணினான். கையேடு டி டிரைவில்தான் இருந்தது. சி போனாலும் டி போகாது என்பது நம் ஊரில் படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் இருக்கும் நம்பிக்கை. ஜீவகனும் அந்தக் கட்சிதான். வேறு எங்கேயும் நகல் எடுத்து வைக்கவில்லை.

வளவனிடம் மறுபடி கொடுக்க மனம் வரவில்லை. பழைய விண்டோஸைத் தானே திரும்பப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, பள்ளிக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் தயார் செய்தான். ஒரே ஒரு சிக்கல். அது ஏறி முடிக்கிற வரைக்கும் லேப்டாப்புக்கு வாய் கிடையாது. எந்த விசையை எந்த வரிசையில் அழுத்துவது என்று பாடம் பண்ணிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்திலேயே எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போயிற்று. தப்பாக ஒரு எண்டர் தட்டினால் டி டிரைவ் காலி. வேறு வழியில்லாமல் போனை எடுத்து லேப்டாப்புக்கு நேரே பிடித்தான்.

"மேசை மீது ஒரு மடிக்கணினி. அதன் பின்னால் ஒரு பெண் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்" என்றது போன்.

ஜீவகன் போனைக் கீழே வைத்தான்.

"எவ்ளோ நேரமா நிக்கிற?"

"நீங்க ஆரம்பிச்சதுலருந்து."

"சொல்றதுக்கு இன்னா?"

"நீங்கதான் எதையும் படிக்க வேணாம்னுட்டீங்களே."

அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்குத் திரை தெரியாதே. "சரி, படி" என்றான்.

அனந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். திரையில் இருந்தது நிபந்தனைகள். ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக.

"அது வேணாம். அடுத்ததுக்குப் போ."

"ஒரு வரி வுட்டாக்கூட அப்பறம் என்னத்தான் சொல்வீங்க" என்றவள் ஒரு காற்புள்ளி விடாமல் படித்தாள். ஜீவகன் தலையெழுத்தே என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒருவழியாக அது முடிந்து அடுத்த திரை வந்தது.

"எந்த எடத்துல போடறதுன்னு கேக்குதுங்க."

"இதான் முக்கியம். மூணு வரி இருக்கும். மொதல்ல சின்னதா ஒண்ணு, அப்பறம் சி, கடைசியா டி. நடுவுல இருக்கிறத மட்டும் எடு. கடைசியத் தொட்டுடாத."

அனந்தி பேசவில்லை.

இந்த நிறுத்தம் அவனுக்குத் தெரியும். பத்திரிகையில் 'சிறப்புரை'க்கு முன்னாலும் இப்படித்தான் நிறுத்தினாள். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான். இன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

"இன்னா?"

"ரெண்டு வரிதாங்க இருக்குது."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. மூணாவது இல்ல."

ஜீவகன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விட்டன. ஆனாலும் அவள் சொன்னதில் அவனுக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை.

"ஆஃப் பண்ணிடு" என்றான்.

"பழசு போட வேணாமா?"

"வேணாம். அந்த வளவன் சியையும் டியையும் ஒண்ணாக்கிட்டான். இது மேல இன்னும் எதையாச்சும் ஏத்தினா அடியில இருக்கிறதும் சுத்தமாப் போயிடும். மூணு இருக்குதுன்னு சொல்லியிருந்தீன்னா இந்நேரம் ஏத்தியிருப்போம். பாண்டிச்சேரில அழிஞ்சத எடுத்துத் தர்ற ஆள் இருக்கிறாங்களாம், கொண்டு போய்ப் பாக்கணும்."

"கெடைச்சிடுமா?"

"தெரியல."

கிடைக்கும் என்று அவள் சொல்லவில்லை. விழாவுக்கு முன்னால் என்றால் சொல்லியிருப்பாள். லேப்டாப்பை அணைத்து மூடினாள்.

ஜீவகன் போனைத் தடவி எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"அந்தப் பத்திரிகை இன்னும் இதுலதான் இருக்குது. படி."

"இப்ப எதுக்குங்க அது?"

"படி அனந்தி."

அவள் குத்துவிளக்குப் படத்திலிருந்து ஆரம்பித்தாள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று ஒவ்வொரு பெயராக வந்தது. அவனுடைய பெயர் வரவில்லை. வராது என்று தெரிந்திருந்தும் காத்திருந்தான். அது அவனுக்கு வலித்தது. அவள் எங்கேயும் நிறுத்தாமல் படித்தாள்.

"நன்றியுரை, திரு. ராஜாங்கம். கீழ அச்சகத்து நம்பர் இருக்குது. அதையும் படிக்கவா?"

"படி."

படித்துவிட்டுப் போனை அவன் கையில் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"பொழுது சாஞ்சிடுச்சுங்க. ரெண்டு பேருமே சாப்பிடல."

"சரி, காலையில சாப்டுக்கலாம்" என்று ஜீவகன் போனிடம் நேரம் கேட்காமல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.