கேணியில் நனைந்த குழாய்

“பிறஷர் எண்பதுக்கு இறங்கீட்டுது, டொக்டர்.”

தாதி சொன்னதும் சிவாஜினி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் அவள் கணவர், நயினாதீவில் சின்னப் பிள்ளையார் கோயிலொன்றில் பூசை செய்யும் கணநாதக் குருக்கள், நடுங்கியபடி கிடந்தார். இரத்தப் புற்றுநோய். கடைசியாக மருந்து ஏற்றி ஒன்பது நாள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் உடம்பில் இல்லையென்றே சொல்லலாம். இரண்டு நாளைக்கு முன் காய்ச்சல் கண்டதும் முதல் படகிலேயே அவரை ஏற்றி, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள்.

டொக்டர் ஜெயந்தா அறிக்கையைப் புரட்டினார்.

“ஐயா, இரத்தத்தில ஒரு கிருமி பிடிபட்டது. குடலிலயிருந்து வந்தது. அதுக்குச் சரியான மருந்துதான் போகுது. அப்பவும் காய்ச்சல் நூற்றிமூண்டு. அது தனிய வரேல்லை, கூட்டாளியோட வந்திருக்கு எண்டு நினைக்கிறன்.”

“கோயில்ல திருவிழா எண்டு கேள்விப்பட்டிருக்குங்கள்,” என்றார் குருக்கள், பல் கிட்டியபடி.

டொக்டர் சிரிக்கவில்லை. மருந்து ஏற்றுவதற்காக அவரது மேற்கையில் பொருத்தியிருந்த மெல்லிய குழாயைக் காட்டினார்.

“இதில தண்ணி பட்டதே?”

“இல்லை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“இல்லை எண்டுறன்.”

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். வாய் திறக்காதே என்றது அந்தப் பார்வை.

வருகிற வெள்ளி கொடியேற்றம். இந்த வருடம் பூசை முறை அவருடையது. குழாயைக் கழற்றினால் வேறொன்று போடும்வரை ஆஸ்பத்திரிதான். முறை அவருடைய தம்பியிடம் போய்விடும். “கோயில் கேணியில முழுகாமல் மூலஸ்தானத்துக்குள்ள கால் வைக்க ஏலாது” என்று அவர் ஒற்றைக்காலில் நின்றபோது, கையில் இரண்டு பிளாஸ்டிக் சொப்பிங் பாக்கைச் சுற்றி றப்பர் பான்ட் போட்டுவிட்டவளே சிவாஜினிதான். காய்ச்சல் வருவதற்கு முன் மூன்று நாள் காலையில் அப்படி முழுகினார். மூன்றாம் நாள் பையை அவிழ்த்தபோது உள்ளே பாசி நாறும் தண்ணீர். துவாயால் ஒற்றிவிட்டு, இருவரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

“எழுபத்தைஞ்சு,” என்றாள் தாதி.

“டொக்டர்!” சிவாஜினி கட்டில் கம்பியை விட்டுவிட்டு முன்னுக்கு வந்தாள். “தண்ணி பட்டது. கேணித் தண்ணி. நான்தான் கட்டிவிட்டனான்.”

குருக்கள் கண்ணை மூடிக்கொண்டார்.

டொக்டர் ஒரு சொல்லும் ஏசவில்லை. “குழாயை உடனே எடுங்கோ. நுனியைப் பரிசோதனைக்கு அனுப்புங்கோ. தண்ணியில இருக்கிற கிருமிக்கான மருந்தையும் இப்பவே துவங்குவம்,” என்று தாதியிடம் சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டினார்.

அன்று முழுக்கக் குருக்கள் சிவாஜினியோடு பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. குழாயின் நுனியில் இன்னும் இரண்டு வகைக் கிருமிகள் இருந்தன என்று டொக்டர் வந்து சொன்னபோதும் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் தொண்ணூற்றொன்பது. கொடி ஏறிவிட்டதென்று தம்பி தொலைபேசியில் சொன்னான். குருக்கள் தொலைபேசியை வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“அந்த றப்பர் பான்ட்டை நீர் இறுக்கிப் போடேல்லை.”

“ஓம்,” என்றாள் சிவாஜினி, கண்ணைத் துடைத்தபடி. “இனிப் போடவும் மாட்டன்.”