கால் எட்டாத மோட்டார்

"ஓட்டிப் பழகுற எல் லைசென்சுக்குச் சின்ன கப்சாய் மோட்டார் சைக்கிள் போதும்லா. இந்தப் பெரிசு உங்க மகளுக்குச் சரிப்படாது" என்று கம்போங் ராஜா ஊர் மோட்டார் கடைக்காரர் சொல்லத்தான் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் சூசைமுத்துவோ, கங்காணி வீட்டு மோட்டாரைவிட ஒரு பிடி உசத்தியாக இருக்கட்டுமென்று பெரிசையே மகளுக்கு வாங்கினார்.

"அப்பா, கால் தரையில எட்டலையே" என்றாள் பிலோமினா.

"பழகினா எட்டும்."

மறுநாளே தேயிலை மேட்டு வளைவில் மோட்டார் சாய்ந்து அவள் வலது கை முறிந்தது. கொழுந்து எடுக்கிற கை.

லயத்து வீடுகளின் சனங்கள் பார்க்க வந்தார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி மோட்டாரு?" என்று கங்காணி சம்சாரம் சிரித்தாள்.

"நான்தான் அக்கா சரியா பிடிக்கல" என்றாள் பிலோமினா, அப்பாவைப் பார்க்காமல்.

சூசைமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அவ மேல தப்பில்லங்க. உங்க வீட்டு மோட்டாரைவிடப் பெரிசா வேணும்னு நான்தான் வீம்புக்கு வாங்கினேன்" என்றார்.

சொன்ன பிறகும் அவர் தலை நிமிரவில்லை.