ஆளுக்கொரு கூடை

பிளாரன்ஸின் கொட்டகையில் உரித்த இறாலின் தலையும் தோலும் மாட்டு வண்டியில் ஏறி, மில்லர்புரத்தைத் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு எருவாகப் போயின. அந்தக் கரையிலிருந்த மற்ற ஆறு கொட்டகைக்காரர்களும் எல்லாவற்றையும் ஓடையில் தள்ளினார்கள். ஓடையை ஒட்டித்தான் குடிதண்ணீர் எடுக்கும் மணல் ஊற்று. எழுபத்து நான்காம் வருஷம் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

வண்டிச் செலவு இறால் விலையில்தான் விழுந்தது. படகுக்காரர்களுக்குக் கிலோவுக்கு நாலணா குறைத்துத்தான் அவளால் கொடுக்க முடிந்தது. அவளுக்கு இறால் போட்ட ஐந்து படகுகளில் நான்கு வேறு கொட்டகைகளுக்குப் போய்விட்டன. மிச்சம், கொழுந்தன் வளனின் படகு. அதுவும் போனால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

மாசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கொட்டகைக்காரர்கள் அந்தோனியார் கோயில் வாசலில் நின்றபோது அவள் கேட்டுவிட்டாள்.

"கழிவ நான் ஒருத்தி சுமக்கேன். தண்ணிய எல்லாரும்தான குடிக்கோம்? வாரம் ஆளுக்கொரு கூடை இறால் ஒதுக்குங்க. ஏலம் விட்டு லாரி பிடிப்போம். எல்லாக் கழிவும் ஒண்ணாப் போவட்டும். வெலையும் ஒண்ணா இருக்கும்."

"ஒனக்கு மூக்கு நீளம், பிளாரன்ஸ்," என்றான் பக்கத்துக் கொட்டகை ரோச். "வாழைக்கு விருந்து வைக்க எங்களையும் கூப்பிடுத."

"ஒம் பிள்ள மூணு நாளா எங்க கெடந்தான்? ஆஸ்பத்திரியிலதான?"

கொட்டகைக்காரர் சங்கத் தலைவர் இஞ்ஞாசி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஊருக்குன்னு ஒரு கூடைதானலே, கொடுப்போம்," என்றார். யாரும் மறுக்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மூன்று மாதம் கூடைகள் வந்தன. ரோச்சும்கூட நல்ல இறாலாகப் பொறுக்கிப் போட்டான். லாரி மட்டும் வரவில்லை. கேட்டால், "சேரட்டும் ஏளா," என்பார் இஞ்ஞாசி. அவளும் வளனிடம், கொஞ்சம் பொறு என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வைகாசியில் அந்தோனியார் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. கொடிமரம் புதிது, பித்தளைப் பூண் போட்டது. 'இறால் கொட்டகைக்காரர் காணிக்கை' என்று பீடத்தில் வெட்டியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, அது லாரிக்குன்னு சேத்த கூடைப் பணம்லா?"

இஞ்ஞாசியின் முகத்தில் கள்ளம் இல்லை. "ஊருக்குன்னு எடுத்தா கோயிலுக்குத்தான ஏளா? அப்பன் காலத்துலயிருந்து படகுக்கொரு பங்கு அப்படித்தான எடுக்கோம்? லாரின்னு நீ சொன்னது ஞாபகம் இருக்கு. அது ஒன் தொழில் காரியம்னு நெனச்சேன். ஃபாதர் செபம் பண்ணி மந்திரிச்சும் வச்சிட்டாரு."

அன்று ஏன் ஒருவரும் மறுக்கவில்லை என்பது அவளுக்கு இப்போது விளங்கியது. புனிதருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க அந்தக் கரையில் யாருக்கும் நாக்கு எழாது. அவளுக்கும் எழவில்லை. ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"இன்னொரு கூடை எடுப்போமா?" என்றாள் கடைசியில்.

"டீசல் விக்கிற வெலயிலயா?" என்றார் அவர், மெதுவாக.

மறுநாள் வளன் வந்தான். உட்காரவில்லை.

"மதினி, நாளையிலயிருந்து ரோச்சுகிட்ட போடுதேன். ஒங்க வெல கட்டல."

"ரோச் வெலயே நானும் தாரேன்."

"எப்படித் தருவிய?"

"நீ நாளைக்கு இறாலக் கொண்டா," என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

சாயங்காலம் வண்டிக்காரன் செந்தூர்பாண்டியிடம் இனி வர வேண்டாம் என்றாள். அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் வளனின் இறால் நிறைய வந்தது. மத்தியானத்துக்குள் தலைகள் முழங்கால் உயரம் குவிந்துவிட்டன. உரிக்கிற சந்தனமாரி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வண்டியக் காணோமே. இத எங்க தட்ட, அக்கா?"

பிளாரன்ஸ் ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

சந்தனமாரி நகரவில்லை. "நெசமாவா?"

பிளாரன்ஸ் நீட்டிய கையை இறக்கவில்லை.