புள்ளி மேல் விழுந்த சந்தேகம்

பணவண்டிக் காவலுக்குப் போகும் பெண் அவள். கம்பெனி பழைய கைத்துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, முதுகில் சின்னக் கண்ணாடி வைத்த புதியவற்றைக் கொடுத்திருந்தது. கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். புள்ளி நிற்கும் இடத்துக்கே குண்டு போகும் என்றார்கள். எல்லாருக்கும் போனது. அவளுக்கு மட்டும் அட்டையின் நடுவை விட்டுவிட்டு இடது பக்கம் கீழேயே போய் விழுந்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வில் தவறினால் வண்டியிலிருந்து இறக்கி வாசல் கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த இடத்துக்குக் காத்திருப்பவன் யார்? அத்தானின் தம்பி. துப்பாக்கிகளைத் துடைத்து, புள்ளியைச் சரிபார்த்துக் கொடுப்பவர் யார்? அக்காவைக் கட்டிய அதே அத்தான். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன சாட்சி வேண்டும்?

பயிற்சி கொடுக்கும் மேடத்துக்கு ஆந்தை என்று பட்டப்பெயர். அந்த அம்மாள் கண்ணைச் சிமிட்டி யாரும் பார்த்ததில்லை.

"புள்ளியை ஏம்மா மொறைச்சுப் பாக்கறே? அது எங்கயும் ஓடிப் போகாது. நீ அட்டையைப் பாரு. ரெண்டு கண்ணையும் தொறந்து வை, புள்ளி தானா வந்து நிக்கும். ஆடுனா ஆடட்டும், விடு. அது நடுவுக்கு வர்ற நொடியைப் பிடிக்கணும்னு விசையை வெடுக்குனு இழுக்கறே பாரு, அங்கதான் முனை கீழ போகுது. மெதுவா, நேரா பின்னால அழுத்து."

ஒற்றைக் கண்ணை இறுக்கி மூடியே இத்தனை வருஷம் சுட்டவள். திடீரென்று இரண்டு கண்ணாம், ஆடினால் ஆடட்டுமாம். ஆந்தைக்கும் அத்தானுக்கும் ஏதோ பேச்சு இருக்கிறது என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

புதன்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் மகளின் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, புள்ளி பழகிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு நலம் விசாரிக்கிறாரே! அக்கா சமையலறைக்குள் போனதும், தையல் மெஷின் இழுப்பறையிலிருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பயிற்சியில் யாரும் பார்க்காத நேரம், கண்ணாடியின் மேலேயும் பக்கத்திலும் இருந்த திருகாணிகளைத் திருப்பினாள். கிளிக், கிளிக் என்று சன்னமாகச் சத்தம் கேட்டது. சுட்டுப் பார்ப்பதும் திருப்புவதுமாக இரண்டிலும் பத்துப் பத்து கிளிக் வைத்தாள். குண்டு நடுவில் போய் உட்கார்ந்தது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

தேர்வுக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் மேடமே மணல் மூட்டையில் தாங்கி மூன்று குண்டு சுட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அவளுடையதைச் சுட்டார். மூன்றும் வலது பக்கம் மேலே, ஒரே கொத்தாக விழுந்தன.

மேடம் துப்பாக்கியைக் கீழே வைத்தார். "இதைத் திருப்புனது யாரு? பணத்துக்குக் காவல் போற துப்பாக்கி இது. யாரா இருந்தாலும் இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

சுவரோரம் நின்றிருந்த அத்தான் அட்டையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"நான்தான் மேடம். நேத்து துடைக்கும்போது கை தவறித் திருப்பிட்டேன்."

ஒத்துக்கொண்டாரே! அவள் மனசு துள்ளியது. நினைத்தது நினைத்தபடியே. மனுஷன் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். தான் திருப்பியதுகூட ஒரு கணம் அவளுக்கு மறந்துபோனது.

"எவ்வளவு திருப்புனீங்க?" என்றார் மேடம்.

அத்தான் திருகாணிகளை உற்றுப் பார்த்தார். "ரெண்டுலயும்... ஒரு மூணு கிளிக் இருக்கும்."

மேடம் இரண்டிலும் மும்மூன்று கிளிக் பின்னால் திருப்பி, மறுபடி மணல் மூட்டையில் வைத்துச் சுட்டார். குண்டு இன்னும் நடுவுக்கு வரவில்லை. வலது பக்கம் மேலேதான் நின்றது.

"மூணுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நாலு... இல்ல, அஞ்சு இருக்குமோ..." அத்தானின் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன் பாவம், எண்ணிக்கை தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

அவளுக்குத் தலையில் குட்டியது போல் இருந்தது. இவருக்கு ஒன்றுமே தெரியாது. எதையும் தொட்டதில்லை. முதல் நாளிலிருந்தே புள்ளி சரியாகத்தான் நின்றிருக்கிறது. கோணல் முழுக்க அவள் விரலில். இப்போது அந்தக் கோணலைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு அக்கா முன்னால் போய் நிற்கப் போகிறார். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அத்தானின் தம்பி வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும்.

"இன்னும் ஏழு இருக்கு மேடம்," என்றாள். "ரெண்டுலயும்."

மேடம் கண்ணைச் சிமிட்டினார்.