பல்லில் கரகரத்த மண்

"உங்கம்மா கஸூல்ல மணலைக் கலக்கறாளாமே, நெசமாடி?"

குளியல்கூடத்தின் வெந்நீர் அறையில் முதுகு தேய்த்துவிடும் ரக்கியா என்னிடம் இப்படிக் கேட்டபோது, சுற்றிலும் முப்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். வாளிச் சத்தம்கூட நின்றுபோனது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

முந்தின நாள் அதே அறையில் எங்கள் பேட்டைப் பெரிய மனுஷி லல்லா ஸுஹூர் கத்தியிருக்கிறார். அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். அதற்காக வாங்கித் தன் தலைக்குத் தேய்த்துக் குளித்த கஸூல் மண் முடியில் அப்பிக்கொண்டு சீப்பே இறங்கவில்லையாம். "தூரியா கைப்பக்குவம்னு நம்பி ஹாஜி லர்பி கடையில வாங்கினேன். மணல் கலந்த களிமண்ணையில்ல குடுத்திருக்கா!" வியாழக்கிழமை மணப்பெண்ணின் குளியலுக்கு மண் குழைக்க அம்மா வரவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். ஃபெஸ் நகரில் எங்கள் பேட்டையில் ஒரு கல்யாண வீடு ஒதுக்கினால், அடுத்த வீடும் கூப்பிடாது.

அம்மா எந்தக் கடைக்கும் மண் கொடுப்பதில்லை. மலையிலிருந்து வரும் கஸூல் கல்லை வாங்கி ஊறவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, கிராம்பும் ஆரஞ்சுப் பூ நீரும் சேர்த்து மொட்டைமாடியில் காயவைப்பாள். பிறகு ஒரு சில்லைப் பல்லில் வைத்துக் கடிப்பாள். கொஞ்சம் கரகரத்தாலும் தட்டு முழுவதும் திரும்பத் தண்ணீருக்குப் போகும். அவளைப் போய்!

"ஹாஜி லர்பிதான் உன் பேரைச் சொல்லி கண்டதையும் விக்கறார். நீ ஏம்மா வாயை மூடிட்டிருக்க?"

"கல்லு அவர் கடையிலதாண்டி கிடைக்குது. அவரைப் பகைச்சுட்டு நான் எதைக் குழைக்கறது? உன் தலையையா?"

மறுநாள் காலை கல் வாங்கப் போனோம். கடையில் லல்லா ஸுஹூர் பொட்டலத்தோடு நின்றிருந்தார். மாற்றிக் கொடு என்று சண்டை. ஹாஜி சிரித்தபடி எங்களைக் கைகாட்டினார்.

"பண்ணினவளே வந்துட்டா. அவளையே கேளுங்க, லல்லா."

இதையும் அம்மா விழுங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் லல்லாவின் பொட்டலத்தைப் பிடுங்கி ஒரு சில்லை ஹாஜி முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கடிங்க, ஹாஜி."

"காலையிலேயே ரொட்டி சாப்பிட்டாச்சு, தூரியா."

"அதுல இவ்வளவு மணல் இருந்திருக்காது. கடிங்க!"

அவர் கை நீளவில்லை. லல்லா ஸுஹூர்தான் வாங்கிக் கடித்தார். கரகரத்தது எனக்கே கேட்டது. அம்மா இடுப்புப் பையிலிருந்து தன் சில்லு ஒன்றைக் கொடுத்தாள். அது சத்தமே இல்லாமல் வாயில் கரைந்தது.

"சரி, மூட்டை மாறியிருக்கும்," என்றார் ஹாஜி. "அதுக்கு இப்படியா ஊரைக் கூட்டுவ?"

"மூட்டை மாறும். அதுமேல என் பேரை யார் வச்சது?"

"நாளைக்குக் கல்லுக்கு யார்கிட்ட போய் நிப்ப?"

"கல்லு மலையில கிடக்கு, உங்க கடையில பொறக்கல. பஸ் போகுது, நான் போய்க்கறேன்."

லல்லா ஸுஹூர் துப்பிவிட்டு உதட்டைத் துடைத்தார். அன்று அறை அதிரக் கத்திய குரல் இப்போது காதோரம் வந்து குழைந்தது. "வியாழக்கிழமை வந்துடு, தூரியா. நடந்ததை விட்டுத்தள்ளு."

அவ்வளவுதானா? என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எப்படி வாய் திறந்தேனோ தெரியாது.

"இங்க ரகசியமா சொன்னா எப்படி, லல்லா? குளியல்கூடத்துல எல்லாருக்கும் கேக்கற மாதிரிதானே திட்டுனீங்க? அதே எடத்துல, அதே மாதிரி சத்தமா சொல்லுங்க, தப்பு எங்கம்மா மேல இல்லன்னு."

அம்மா என்னை அடக்கவில்லை. அவளும் பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லல்லா ஸுஹூர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அங்கியின் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு தெருக்கூட்டத்துக்குள் இறங்கிப் போனார்.